அறிவியல் புனைவு ஆய்வு: பெங்களூருவிலிருந்து தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் இருந்துகொண்டு தமிழ் அறிவியல் புனைவைக் கதை, வார இதழ், காமிக்ஸ், சினிமா, வானொலி, வீடியோ கேம் எனப் பல ஊடகங்களில் வைத்து ஆராய நினைக்கும் முதுகலை மாணவர்கள், முனைவர் பட்டத்துக்குத் தயாராகிறவர்கள், வேலை பார்த்துக்கொண்டே எழுத விரும்புகிறவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன.

விஞ்ஞானக் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். ஆய்வுக்கு அது போதாதா?

தொடங்கப் போதும். ஆனால் வாசகர் கேட்கும் கேள்வியும் ஆய்வாளர் கேட்கும் கேள்வியும் வேறு. அடுத்து என்ன நடக்கும் என்பது வாசகரின் கேள்வி. உலகில் இல்லாத ஒரு பொருளை இந்தப் படைப்பு என்னை எப்படி நம்பவைத்தது, அதற்கு அந்த ஊடகத்தின் எந்த வசதியைப் பயன்படுத்தியது, எந்த ஆண்டில், யாரை மனதில் வைத்து என்பது ஆய்வாளரின் கேள்வி.

முதல் வரைவுகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் திரும்பி வருகின்றன: பாதிக்கு மேல் கதைச்சுருக்கமாக இருக்கும். கட்டுரை 6,000 சொல் என்றால் கதை சொல்வதற்கு 600 சொல்லுக்கு மேல் செலவிட வேண்டாம்.

எது அறிவியல் புனைவு, எது இல்லை என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டுமா?

ஒரு வரையறையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நிரூபிப்பதே ஆய்வாகிவிடக் கூடாது. அறிவியல் புனைவுக் கோட்பாட்டாளர் டார்கோ சுவின் 1972இல் ஒரு கட்டுரையிலும் 1979இல் வந்த நூலிலும் சொன்னது இத்துறையின் அடிக்கல். நமக்குப் பழகிய உலகை அந்நியமாகக் காட்ட வேண்டும்; அந்த அந்நியம் அறிவால் எட்டிப் பிடிக்கக்கூடிய தர்க்கத்துக்கு உட்பட வேண்டும். அப்படி உலகையே மாற்றிவைக்கும் புதிய ஒன்றை அவர் நோவம் என்றார். எழுத்துக்கு இந்த அளவுகோல் நன்றாகப் பொருந்துகிறது. பாட்டும் சண்டையும் கண்கட்டும் காட்சிகளும் கலந்த தமிழ்ப் படத்தை இதை வைத்து அளந்தால் ஏறத்தாழ எதுவுமே மிஞ்சாது. படத்தின் குறை அல்ல அது. எழுத்துக்குச் செய்த கோலால் வேறொன்றை அளந்ததன் விளைவு.

ஆய்வாளர் ஜான் ரீடர் 2010இல் வேறு வழி காட்டினார். வகைமை என்பது படைப்புக்குள் உறைந்திருக்கும் குணம் அன்று. எழுதுகிறவர், பதிப்பிக்கிறவர், விற்கிறவர், வாசிக்கிறவர் எல்லோரும் சேர்ந்து காலப்போக்கில் அதை உருவாக்குகிறார்கள். தமிழுக்கு இந்த வழியே உகந்தது என்பது எங்கள் கருத்து. ஒரு வார இதழ் எந்தக் கதைக்கு ‘விஞ்ஞானக் கதை’ என்று அடைமொழி போட்டது, எதற்கு ‘மர்மத் தொடர்’ என்று போட்டது என்பதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியும்.

சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறதே, அதைச் சேர்க்கலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. திருத்தக்க தேவரின் மயிற்பொறி தெய்வ வரத்தால் பறப்பதில்லை. கைவினைஞன் செய்து கொடுத்த இயந்திரம் அது. பொறியை வலமாகத் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும். இடமாகத் திருகினால் இறங்கிக் காலை மடக்கி அமரும். இயக்கும் முறையைக்கூடச் சொல்லும் அளவுக்குக் கவி கவனமாக இருக்கிறார். ஆனால் சீவகனின் தாய் விசயையைச் சுடுகாட்டில் இறக்கிவிட்ட பிறகு அந்தப் பொறியால் காப்பிய உலகம் மாறுவதில்லை. வேறு யாரும் அதில் பறந்து போர் செய்வதில்லை, வணிகம் செய்வதில்லை. உலகை மாற்றாத புதுப்பொருளை நோவம் என்று சொல்ல முடியாது. எனவே அறிவியல் புனைவின் முன்னோடிக் கற்பனை என்ற தலைப்பில் அதை ஆராயலாம். அறிவியல் புனைவு என்றே பெயரிடுவது பொருந்தாது.

இதையும் ‘நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள்’ என்ற வாதத்தையும் கலக்கவே கூடாது. இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் பிழை அது. அந்த வாதத்தை இன்றைய கதைகளும் படங்களும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று கேட்டால் அது ஆய்வு. போதிசத்வ சட்டோபாத்யாய் 2016இல் கல்பவிஞ்ஞானம் எனப்படும் வங்காள அறிவியல் புனைவு பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில் நல்ல துணை.

ஒரே கதைதானே நாவலாகவும் படமாகவும் வருகிறது? ஊடகத்தைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

கதை ஒன்றாக இருந்தாலும் நம்பவைக்கும் வழி ஒன்றாக இருப்பதில்லை. எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்புக் கதை 1897இல் பத்திரிகைத் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்தது. எல்லாம் முடிந்தபின் பிழைத்த ஒருவன் நினைத்துப் பார்த்துச் சொல்லும் நடை அது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு அமெரிக்க வானொலியில் அதை நாடகமாக்கியபோது களம் நியூஜெர்சிக்கு மாறியது. முதற்பாதியின் பெரும்பகுதி, இசை நிகழ்ச்சியை இடைமறிக்கும் செய்தி அறிக்கையாக அமைந்தது. ‘நடந்தது’ என்ற கதை ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஆனது. மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் ஓடினார்கள் என்பது செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பீதியை உண்மையென்று எழுதி இன்றும் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

அறிவியல் புனைவு எழுத்தாளரும் விமரிசகருமான சாமுவேல் டிலேனி காட்டிய ஓர் எடுத்துக்காட்டையும் பாருங்கள். ‘அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது’ என்ற வாக்கியம் குடும்பக் கதையில் வந்தால் துயரம். அறிவியல் புனைவில் வந்தால் அவள் வாழ்ந்த கோளே சிதறியிருக்கலாம். வாக்கியம் முடியும்வரை இரண்டு பொருளையும் வாசகர் சுமக்கிறார். கேமராவால் இதைச் செய்ய முடியாது. கோளைக் காட்டியாக வேண்டும், அல்லது அவள் முகத்தைக் காட்டியாக வேண்டும். தழுவலில் எது தொலைந்தது என்று புலம்புவதைவிட, அந்த இரட்டைப் பொருளுக்குப் பதிலாகப் படம் எதைக் கொண்டுவந்தது (ஒலியா, வெட்டா, இருட்டா) என்று தேடுங்கள்.

நாவல்தான் எப்போதும் மூலம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். டக்ளஸ் ஆடம்ஸின் புகழ்பெற்ற விண்வெளி நகைச்சுவை 1978இல் பிபிசி வானொலியில் பிறந்தது. 1979இல் நாவல், 1981இல் தொலைக்காட்சி, 1984இல் கணினி விளையாட்டு, 2005இல் சினிமா.

தலைப்பை எப்படிச் சுருக்குவது?

ஒரு புதுப்பொருள், இரண்டு ஊடகம், ஒரு பத்தாண்டு. ‘தமிழ் அறிவியல் புனைவில் இயந்திரமனிதன்’ என்பது ஆயுள் முழுதும் செய்யலாம். ‘1980களின் வார இதழ்த் தொடரிலும் தொலைக்காட்சியிலும் பேசும் இயந்திரம்’ என்பது முடிக்கக்கூடியது. முதுகலைத் திட்டக் கட்டுரைக்கு இரண்டு படைப்பு போதும். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு நான்கிலிருந்து ஆறு.

வார இதழ்த் தொடரை ஆராய நூலாக வந்த பதிப்பு போதாதா?

போதாது. தமிழ் ஆய்வில் அதிகம் தவறவிடப்படும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தமிழின் நவீன அறிவியல் புனைவு பெரும்பாலும் வார இதழில் வளர்ந்தது. பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குபெற்ற சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷனிலும் தொடராகி, நூலாகவும் நிலைத்தது. ஜீனோ என்ற இயந்திர நாயை வாசகர்கள் முதலில் சந்தித்தது ஓவியத்தோடும், விளம்பரத்தோடும், ‘தொடரும்’ என்ற நிறுத்தத்தோடும். நூலில் இவை இருக்காது. எதிர்காலச் சர்வாதிகாரம் பற்றிய ஒரு பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பிரஷர் குக்கர் விளம்பரம் இருந்தால், வாசகர் எதிர்காலத்தை எந்த வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்தார் என்பதை அது சொல்கிறது.

ஒரு தாளில் அல்லது விரிதாளில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரிசை போடுங்கள்: இதழின் தேதி, பக்க எண்கள், அத்தியாய எண், ஓவியரின் பெயர், எந்தக் காட்சி வரையப்பட்டது, முன்கதைச் சுருக்கம் உண்டா, கடைசி வாக்கியம், எதிர்ப்பக்கத்தில் என்ன. 40 வாரத் தொடர் என்றால் 40 வரிசை. பிறகு நூற்பதிப்போடு ஒப்பிட்டு, நீக்கியது, சேர்த்தது, மாற்றியது என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். எந்தப் புதுப்பொருளை ஓவியர் வரைந்தார், எதை வரையாமல் விட்டார் என்ற பட்டியலே ஓர் அத்தியாயத்துக்குப் போதுமானது.

என்ன கெடும்? நூலகத்தில் கட்டிய தொகுதிகளில் அட்டையும் சில நேரம் விளம்பரப் பக்கங்களும் இருக்காது. ஓரத்தை வெட்டியதில் பக்க எண் போயிருக்கும். வீடுகளிலிருந்து வரும் தொகுப்புகள் வேறு மாதிரி. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டிங் செய்து வைப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. அவற்றில் ஓவியம் இருக்கும், தேதி இருக்காது. அப்போது தாளைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கத்தில் பட வெளியீட்டு விளம்பரமோ, பண்டிகைக் குறிப்போ, கிரிக்கெட் செய்தியோ இருந்தால் வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று: இதழில் அச்சான தேதிக்குச் சில நாள் முன்பே இதழ் கடைக்கு வருவதுண்டு. செய்திக்கும் கதைக்கும் தொடர்பு காட்டும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெங்களூருவில் இவை எங்கே கிடைக்கும்? சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?

அல்சூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலிருந்து தொடங்குங்கள். நூற்பதிப்புகளுக்கு அதுவே முதல் இடம். கோட்பாட்டு நூல்கள் உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையைக் கேளுங்கள். அவென்யூ ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் காமிக்ஸும் பழைய ஆங்கிலத் தொகுப்புகளும் வரும். எது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் பட்டியலோடு போகாமல் பழக்கமாகப் போய்வாருங்கள்.

வார இதழின் மூலப் படிகளுக்குச் சென்னைதான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீடுகளைப் பெறும் நூலகங்களுள் கன்னிமாராவும் ஒன்று. போகுமுன் தேவையான ஆண்டு, மாதம் வாரியாகப் பட்டியல் அனுப்பி, படி இருக்கிறதா, புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா, பக்கத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை, பென்சில் கொண்டுபோங்கள். படம் எடுக்கும்போது ஒவ்வொரு இதழுக்கும் முதலில் அட்டையை அல்லது தேதி உள்ள பக்கத்தை எடுத்துவிட்டே கதைக்குப் போங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் ஊருக்குத் திரும்பியபின் 300 படங்களில் எது எந்த வாரம் என்று தெரியாமல் மறுபடி ரயில் ஏற வேண்டிவரும்.

படங்களுக்கு புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். இணையத்தில் தமிழ் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பயன்படும்.

படத்தை எப்படி ஆராய்வது? மறுபடி மறுபடி பார்த்தால் போதுமா?

பார்த்து எழுதினால் மனப்பதிவு கிடைக்கும். எண்ணி எழுதினால் ஆதாரம் கிடைக்கும். புதுப்பொருள் முதன்முதலாகத் திரையில் தோன்றும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அண்மையா சேய்மையா, கேமரா அசைவு, ஒலி, யார் பார்வை என்று குறியுங்கள். 180 விநாடியில் 45 ஷாட் இருந்தால் சராசரி 4 விநாடி. அந்த எண்ணை அதே படத்தின் சாதாரண உரையாடல் காட்சி ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அது எதையாவது சொல்லும். இதற்கு அரை நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் பிரதியால்தான். சினிமா விநாடிக்கு 24 பிரேம். பழைய டிவிடியிலும் தொலைக்காட்சிப் பதிவிலும் அது 25 ஆகியிருக்கும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பேர் இரண்டு பிரதி பார்த்தால் நேரக் குறிப்பு ஒத்துப்போகாது. விஎல்சி மென்பொருளின் கோடெக் தகவலில் பிரேம் வேகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டப்பட்டதா என்று அறிய, படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். பழைய படங்களில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். எனவே 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்கள் கோப்பு 128 நிமிடமே ஓடுகிறது என்றால் பிரேம் வேகத்தால் மட்டும் அது குறையவில்லை, பாடலோ காட்சியோ போயிருக்கிறது. வேற்றுக்கோள்வாசிகள் வரும் ‘கலை அரசி’ (1963) போன்ற பழைய படங்களை யூடியூப் பிரதியை மட்டும் நம்பி எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சட்டகமும் முக்கியம். உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுத்த படத்தை இன்றைய டிவி நிறையும்படி 1.78ஆக வெட்டினால் கால் பங்கு படம் போகும். பழைய 1.33 டிவிக்கு வெட்டியிருந்தால் 44 விழுக்காடு. ‘இயக்குநர் இயந்திரத்தைத் தனியாகச் சட்டகத்தில் நிறுத்துகிறார்’ என்று நீங்கள் எழுதும் இடத்தில், அசல் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு மனிதர் நின்றிருக்கக்கூடும்.

பிரதிகளே பலவாக இருக்கும் படங்கள் உண்டு. ‘பிளேட் ரன்னர்’ 1982, 1992, 2007 என மூன்று முக்கிய வடிவங்களில் உள்ளது. 1927இன் ‘மெட்ரோபொலிஸ்’ 2008இல் புவெனஸ் ஐரஸில் கிடைத்த பிரதியால் 2010இல் ஏறத்தாழ முழுமை பெற்றது; அதற்கு முன் எழுதப்பட்ட ஆய்வுகள் குறைந்த படத்தைப் பற்றியவை. எதைப் பார்த்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தமிழ்ப் படங்களில் குறிப்பாக எதைக் கவனிக்கலாம்?

இயந்திரம் எந்தத் தமிழ் பேசுகிறது என்பதை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே நமக்குள்ள தூரம், இயந்திரத்துக்குக் குரல் கொடுக்க எழுத்தாளருக்கு ஒரு கருவியாகிவிடுகிறது. உலோகக் குரலோ மின்னொலியோ இல்லாமலே, ‘நான் புறப்படுகிறேன்’ என்று ஒரு பாத்திரம் வீட்டுக்குள் சொன்னால் அது மனிதன் இல்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் அது ‘கிளம்புறேன்’ என்று மாறுகிறது? கோபத்தின்போதா, காதலின்போதா, பொய் சொல்லும்போதா? வசனத்தை வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்று குறித்தால் இயந்திரம் மனிதனாகும் பாதையின் வரைபடம் கிடைக்கும். அச்சில் கதை முழுதுமே எழுத்துத் தமிழில் இருந்தால் அந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்தாளர் வேறு வழி தேடியாக வேண்டும். ஊடக ஒப்பீட்டுக்கு இதைவிட வளமான இடம் தமிழில் குறைவு.

மொழிமாற்றுப் படத்தில் இது இன்னும் கூர்மையாகும். ‘எந்திரன்’ (2010) தெலுங்கிலும் இந்தியிலும் வந்தது. இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்கள் ஒரே வீட்டில் இருக்கும் பெங்களூருவில், ஒரே காட்சியின் மூன்று வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி மூவருக்கும் பங்கு உண்டு. சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். எனவே ஒரு வரியைக் காட்டி ‘சுஜாதா இங்கே சொல்கிறார்’ என்று எழுதுவது ஆதாரமில்லாத கூற்று. ‘படம் சொல்கிறது’ என்று எழுதுங்கள்.

காமிக்ஸைச் சேர்த்தால் வழிகாட்டி ஒப்புக்கொள்வாரா?

ஒப்புக்கொள்ள வைக்கும் பொருள் நம்மிடம் இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. பிரிட்டனில் 1962இல் ஒரு வார இதழில் தொடங்கிய சித்திரத் தொடர் அது. இரும்புக் கை பொருத்திய ஒருவன் மின்சாரம் தாக்கினால் அந்தக் கை மட்டும் தெரிய மறைந்துபோவான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு விஞ்ஞானம் என்றால் எப்படி இருக்கும் என்று காட்டிய படங்கள் இவை. மொழிபெயர்ப்பு என்பதாலேயே ஒதுக்குவது பெரிய இழப்பு.

பிரிட்டிஷ் மூலத்தையும் தமிழ்ப் பதிப்பையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள்: பக்கத்தில் கட்டங்கள் இடம் மாறியிருக்கின்றனவா, பேச்சுக் குமிழில் எவ்வளவு சொல் குறைந்தது, ஓசைச் சொற்கள் மாற்றி வரையப்பட்டனவா, வண்ணம் உண்டா. வாரத்துக்குச் சில பக்கமாக வந்த கதை ஒரே புத்தகமாகச் சேர்ந்ததால் சில பக்கங்களுக்கு ஒருமுறை காரணமின்றி ஓர் ஆபத்து வந்துபோவது போலத் தோன்றும். கதாசிரியரின் திறமைக்குறைவு என்று அதை எழுதிவிடாதீர்கள்; வாரத்தின் தையல் அது. மறுபதிப்புகளில் அளவும் எழுத்தும் மாறியிருக்கும் என்பதால் வெளியீட்டு எண்ணைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.

வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பதிவே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

இல்லாததையும் ஆராயலாம். பிபிசி தன் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பல பகுதிகளை அழித்துவிட்டது. பார்வையாளர்கள் வீட்டில் பதிந்த ஒலிநாடாக்கள், நிழற்படங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகள் ஆகியவற்றால் அவை பற்றிய ஆய்வு நடக்கிறது. நீங்களும் நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியல், இதழ் விமரிசனம், வாசகர் கடிதம், வீட்டில் எடுத்த விஎச்எஸ் நாடா என்று தேடுங்கள். பார்த்தவர்களிடம் நேர்காணல் எடுத்தால் அதை நிகழ்ச்சியின் சான்றாக எழுதாமல் நினைவின் சான்றாக எழுதுங்கள்.

வீடியோ கேமுக்குப் பக்க எண் கிடையாதே, மேற்கோள் எப்படி?

விளையாட்டின் பெயர், தளம், பதிப்பு எண், கடின நிலை, அத்தியாயம், உங்கள் பதிவின் நேரக் குறிப்பு. திரைப்பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சேமிப்புக் கோப்புகளை வரிசை எண்ணோடு வையுங்கள். இணையப் புதுப்பிப்பு வந்தால் காட்சியே மாறிவிடும் என்பதால் ஆய்வு முடியும்வரை தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். ஒரு முறை ஆடியதை வைத்து ‘இந்த விளையாட்டில் ஆட்டக்காரர் கொல்லாமல் தப்ப முடியாது’ என்று எழுத முடியாது. தப்ப முயன்று இரண்டாவது முறை ஆட வேண்டும்.

கணினி வைத்துத் தமிழ்ப் பிரதிகளில் சொல் தேடலாமா?

தேடலாம். மூன்று இடத்தில் சறுக்கும்.

பழைய மின்பிரதிகள் யூனிகோடில் இல்லாமல் டிஸ்கி போன்ற குறியாக்கத்தில் இருக்கும். மாற்றாமல் தேடினால் ஒன்றும் வராது. யூனிகோடிலேயே ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு. ஆன்ட்காங்க் போன்ற சொல் தேடும் கருவியில் ஏற்றுமுன் எல்லாக் கோப்புகளையும் என்எப்சி என்னும் ஒரே குறி வடிவத்துக்கு ஒருமுறை சீராக்குங்கள்.

அடுத்தது அச்சு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறும். பத்துப் பக்கத்தைக் கையால் சரிபார்த்து, எந்த எழுத்துக்கு எந்தப் பிழை வருகிறது என்று அட்டவணை போட்டபின் மற்றதை ஓட்டுங்கள்.

மூன்றாவது நம் வேற்றுமை உருபுகள். ‘இயந்திரம்’ என்று மட்டும் தேடினால் இயந்திரத்தை, இயந்திரத்தால், இயந்திரங்கள் எல்லாம் விடுபடும். ‘இயந்திர’ என்ற பகுதியோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ‘எந்திர’ என்ற வடிவத்தையும் சேருங்கள்.

ரசிகர்களைப் பற்றி எழுத அவர்களின் பதிவுகளை எடுத்துக்கொள்ளலாமா?

எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவு என்பதாலேயே எடுத்தாள அனுமதி கிடைத்ததாகாது. மூடிய வாட்ஸப் குழுவிலிருந்து ஒப்புதல் இல்லாமல் ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. பெயரை நீக்கினாலும் முழு வாக்கியத்தைப் போட்டுத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார். எனவே கருத்தைச் சுருக்கி எழுதுங்கள். கல்லூரியின் நெறிக்குழு அனுமதியை நேர்காணலுக்கு முன்பே வாங்க வேண்டும்.

கோட்பாட்டு நூல்களை எந்த வரிசையில் படிப்பது?

முதலில் சுவின், அவரை மறுக்க ரீடர். சினிமாவுக்கு சூசன் சொன்டாக்கின் 1965 கட்டுரையும் விவியன் சாப்சாக்கின் 1987 நூலும். தழுவலுக்கு லிண்டா ஹட்சியன் (2006), காமிக்ஸுக்கு ஸ்காட் மெக்ளவுட் (1993), ரசிகர்களுக்கு ஹென்றி ஜென்கின்ஸ் (1992). இந்தியாவுக்கு 2020இல் வந்த சுபர்ணோ பானர்ஜியின் நூல். மேற்கத்தியக் கோட்பாட்டை மட்டும் படித்துவிட்டுத் தமிழ்ப் படைப்பை அதற்குள் திணிப்பது கண்கூடாகத் தெரியும் குறை. எழுதத் தொடங்கும்போதே இந்திய ஒப்பீடு ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கையா சகாவத் ஹுசைனின் ஆங்கிலக் கதை ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளியானது சென்னையிலிருந்து வந்த மகளிர் இதழில்தான். மராத்தியில் ஜயந்த் நார்லிகர் போன்ற வானியல் அறிஞரே கதை எழுதிய மரபு உண்டு.

கதையில் அறிவியல் தவறாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவது ஆய்வாகுமா?

அது மட்டும் ஆகாது. விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கிறது என்று எழுதி நிறுத்தினால் அது திருத்தல். அதே படத்தில் எங்கே மௌனம் வைக்கப்பட்டது, எங்கே சத்தம் வைக்கப்பட்டது என்று பார்த்தால் கேள்வி பிறக்கும். பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவர்களுடைய அறிவு மிகவும் தேவைப்படுவது வேறொரு வேலைக்கு: கதை எழுதப்பட்ட ஆண்டில் கணினியும் ராக்கெட்டும் எந்த நிலையில் இருந்தன என்று துல்லியமாகச் சொல்வதற்கு.

முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறையில் சேர்வது?

இதற்கெனத் தனித் துறை தேடாதீர்கள். ஆங்கிலம், தமிழ், ஒப்பிலக்கியம், ஊடகவியல், திரைப்பட ஆய்வு எதிலும் செய்யலாம். துறையைவிட வழிகாட்டி முக்கியம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் இரண்டைப் படித்துவிட்டு அணுகுங்கள். 2022 யுஜிசி விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பாடப்பணி குறைந்தது 12 கிரெடிட். 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் ஏற்கிறார்கள். ஜேஆர்எப் என்னும் ஆய்வு உதவித்தொகை இல்லாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணின் எடை 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30.

ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துப்பெயர்ப்பு முறையை முதல் நாளே தேர்ந்து கடைசிவரை பின்பற்றுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை போதும்.

ஐடி வேலையில் இருக்கிறேன், பட்டம் வேண்டாம். கட்டுரை எழுதி வெளியிட முடியுமா?

முடியும். இத்துறையின் முக்கிய ஆய்விதழ்களான எக்ஸ்ட்ராபொலேஷன் (1959), ஃபவுண்டேஷன் (1972), சயின்ஸ் ஃபிக்ஷன் ஸ்டடீஸ் (1973) ஆகியவை எழுதியவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று பார்ப்பதைவிடக் கட்டுரையைத்தான் பார்க்கின்றன. கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ஃபாஃப்னீரும் எஸ்எப்ஆர்ஏ ரிவ்யூவும் முதல் முயற்சிக்கு ஏற்றவை. 1,000 சொல்லில் ஒரு நூல் மதிப்புரையோடு தொடங்குங்கள். தமிழில் எழுத நினைத்தால் அறிவியல் புனைவுக்கு இடம் தரும் இணைய இதழ் ‘அரூ’வைப் பாருங்கள். வெளியிடப் பணம் கேட்டு, இரண்டே நாளில் ஏற்பு அனுப்பும் இதழ்களைத் தொடவே வேண்டாம்.

கட்டுரையில் ஓவியம், திரைப்படச் சட்டகம், நீண்ட மேற்கோள் போடலாமா?

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வுக்கும் விமரிசனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. நீங்கள் அந்தச் சட்டகத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். அலங்காரத்துக்குப் போட்டால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. எழுத்துக்கு உரிமைக் காலம் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு, ஆகவே சுஜாதாவின் எழுத்து 2068 முடியும்வரை உரிமையுள்ளது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துக்கு இந்தக் கணக்கு வேறு. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. 1963 படத்துக்கு 2023 முடிவோடு அது தீர்ந்தது. ஆனால் அந்தப் படத்தின் பாடல் வரிகள் கவிஞரின் தனி உரிமை, அவர் மறைந்த ஆண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். வார இதழ் ஓவியம் ஓவியருடையதா, இதழுடையதா என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அச்சுக்குப் போகும் முன் இருவரிடமும் எழுதிக் கேளுங்கள்; பதில் வர நாளாகும் என்பதால் கட்டுரையை அனுப்பும் வாரத்தில் இதைத் தொடங்கினால் காலம் போதாது.